எப்பவாச்சும் தட்டில் பௌர்ணமி

இன்று காலை உன் பச்சை மை மறுபடியும் என் கைக்கு வந்தது.

ஆபீஸில் மேஜைகளை மாற்றுகிறோம். செங்கம் ரோட்டு மாடியில் நீயும் நானும் முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அந்த மர மேஜையும் போகிறது. அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை உரித்தபோது அடியிலிருந்து ஒரு காலண்டர் தாள் வந்தது. முன்பக்கம் அம்மன் படம். பின்பக்கம் முழுக்க உன் எழுத்து, கட்டம் கட்டமாக. "அக்கா, இது குப்பையா?" என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்த பெண். இல்லை என்று வாங்கிக்கொண்டேன். எதிர்பாராமல் கிடைத்த பொருள் அல்ல. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதைச் சுவரிலிருந்து உரித்து அந்த விரிப்புக்கு அடியில் தள்ளியவளே நான்தான்.

இது உனக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்த பாதியையும் சேர்த்தே. குறுக்கே பேசாமல் கேள். இனிமேல் உன்னால் குறுக்கே பேச முடியாது என்பது எழுதிய பிறகுதான் உறைக்கிறது. என்ன புத்தியோ எனக்கு.

இரண்டு பேரும் ஒரே மாதத்தில்தான் சேர்ந்தோம். நீ கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் டவுனிலேயே ஹாஸ்டல். இரண்டு வீட்டிலும் நெல்லும் மல்லாட்டையும்தான் சோறு போட்டது. இரண்டு வீட்டிலும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த முதல் ஆள் நாம்தான். நமக்குக் கொடுத்த வேலை பள்ளி வேன்களுக்கான மென்பொருள். எந்தப் பிள்ளை எந்த வேனில் ஏறுது, எந்த நிறுத்தத்தில் இறங்கணும் என்று டிரைவரின் போனில் காட்டும். நிறுத்தம் மாறினால் வீட்டுக்குச் செய்தி அனுப்பும்.

நாம் எழுதியதையெல்லாம் பிரித்துப் பார்க்க ஒரு ஜன்னல் உண்டு, அதற்குப் பிரவுசர் என்று பேர். இணையம் பார்க்கிற பிரவுசர் இல்லை, நிரலைப் பார்க்கிற பிரவுசர். அதன் இடது ஓரத்தில், ஒவ்வொரு வேலைக்கான நிரலையும் மூட்டையாகக் கட்டிய நம் பேக்கேஜ்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி நீண்டுகொண்டே போயின. ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் எதற்குத் தேடினோம் என்பதே மறந்துவிடும். நீதான் ஒருநாள் அவற்றைப் பிரித்து ப்ராஜெக்ட் ப்ராஜெக்டாக அடுக்கினாய். சார் பின்னால் வந்து நின்று, "என்னம்மா பண்ற?" என்று கேட்டார்.

"பேக்கேஜ்னா மடிச்சு வெச்ச துணி சார். ப்ராஜெக்ட்னா பீரோ தட்டு. தினமும் கட்டுறது ஒரு தட்டுல, விசேஷத்துக்குக் கட்டுறது ஒரு தட்டுல. கையை விட்டா வரணும், அவ்ளோதான்."

அன்றிலிருந்து நம் ஆபீஸில் ப்ராஜெக்ட் என்று யாரும் சொல்வதில்லை. தட்டுதான். இன்றைக்கும் தட்டுதான், தெரியுமா?

அந்தத் தட்டுக் கணக்கைத்தான் காலண்டர் தாளில் எழுதி, நம் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினாய். நாலு கட்டம். வேன் ஓட்டம், வருகை, வீட்டுக்குச் செய்தி, எப்பவாச்சும். வேன் ஓட்டம் கட்டத்தில் மூன்றாவது வரி பௌர்ணமி. அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், "இங்கிருந்து எடுக்கக் கூடாது" என்று. தாளின் அடியில் கோடு கிழித்து ஒரு சட்டம்: "தட்டு மாத்தினவங்க கீழே பேர் எழுதவும்." நான் சிரித்தேன். "என்னடி, பஞ்சாயத்து ஆபீஸா?" என்றேன். நீ கோபப்படாமல் சொன்னாய்:

"நாம எழுதுற ஒவ்வொரு வரியிலயும் யார் எழுதினாங்கன்னு பேர் பதிஞ்சிடுது. ஆனா தட்டு மாத்தினா பேர் எங்கேயுமே பதியறதில்ல. அதான்டி."

எவ்வளவு சரியாகச் சொன்னாய்! நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன், நீ நினைத்த விதத்தில் அல்ல.

பௌர்ணமி பேக்கேஜ் முழுக்க உன் கை. மாசத்துக்கு ஒரு நாள் ஊரே கிரிவலம் என்று மலையைச் சுற்றும், மத்தியானத்திலிருந்தே ரோட்டில் ஜனம் இறங்கிவிடும். அன்றைக்கு மட்டும் வேன்கள் செங்கம் ரோட்டில் பிள்ளைகளை இறக்காமல் உள்தெருக்களில் இறக்கவேண்டும். எந்த நிறுத்தத்துக்கு எந்தத் தெரு என்று வெயிலில் ஸ்கூட்டியில் சுற்றி நீயே குறித்துவந்தாய். டிரைவர் போனில் நிறுத்தம் தானாக மாறும், வீட்டுக்குச் செய்தியும் போகும். பெற்றோர்களுக்குப் பழகியும் போயிருந்தது, பௌர்ணமி என்றால் நேராக உள்தெருவுக்கே வந்து நிற்பார்கள்.

உன் அக்கா பெண்ணுக்குக் காதுகுத்து வந்தது. புதன்கிழமை சாயந்திரம் நீ பஸ்ஸைப் பிடிக்க அவசரமாக எதையெதையோ மூடிவிட்டு ஓடினாய். அடுத்த நாள் ஒரு புதுப் பள்ளியிலிருந்து ஆட்கள் வேலையைப் பார்க்க வருவதாகச் சொல்லி, சார் என்னைக் காட்டச் சொன்னார். முதல்முறையாக நான் தனியாகக் காட்டப்போகிறேன். பிரவுசரைத் திறந்தேன். வேன் ஓட்டம் தட்டு நீளமாக இருந்தது. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, அடிக்கடி தொடாத நாலைந்து பேக்கேஜ்களை மவுஸால் இழுத்து எப்பவாச்சும் தட்டில் போட்டேன். பௌர்ணமியும் அதில் போனது. மாசத்துக்கு ஒரு நாள் வருவது எப்பவாச்சும்தானே?

சுவரில் உன் தாள் இருந்தது. நட்சத்திரம் இருந்தது. நான் பார்க்கவில்லை என்று எழுத இப்போதும் கை வருகிறது. பார்த்தேன். துணியை வேறு தட்டில் வைத்தால் துணி துணிதானே, இவளுக்கு எல்லாத்துக்கும் ஒரு சட்டம் என்று நினைத்துக்கொண்டேன். கீழே பேர் எழுதவில்லை. வந்தவர்கள் போனபிறகு சார், "நீட்டா வெச்சிருக்கியேம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நாள் முழுக்கப் பூரித்துப் போயிருந்தேன், சீ.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பள்ளி வேன்களுக்கு மென்பொருளின் புதுப் பிரதி தானாகப் போகும். அது வேன் ஓட்டம் தட்டில் இருப்பதை மட்டும்தான் அள்ளிக்கொண்டு போகும். நீதான் அப்படி அமைத்திருந்தாய், என்னிடம் சொல்லியும் இருந்தாய். நான் போனைப் பார்த்துக்கொண்டே "உம்" கொட்டியிருக்கிறேன். தட்டை மாற்றினால் துணி ஊருக்கே போகாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பௌர்ணமி. டிரைவர் புது ஆள். போனில் வழக்கமான நிறுத்தம் காட்டியது. ஸ்கூல் வேன் என்று போலீஸும் விட்டுவிட்டார்கள். ஆறு வயசுப் பெண் ஒன்றைச் செங்கம் ரோட்டில், அத்தனை ஜனத்துக்கு நடுவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவள் அம்மா உள்தெருவில் நிற்கிறாள். நாலு மணிக்கு இறங்கிய பிள்ளை ஆறரை மணிக்குத்தான் கிடைத்தது. சுண்டல் விற்கிற ஒரு அம்மா தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, போகிற வருகிற போலீஸையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். பிள்ளை தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்ததாம். அழக்கூட இல்லையாம்.

மறுநாள் காலை நான்தான் முதலில் வந்தேன். பிரவுசரைத் திறந்ததும் புரிந்துவிட்டது. பௌர்ணமி எப்பவாச்சும் தட்டில் இருந்தது. கீழே அந்தப் பிள்ளையின் அப்பா கத்திக்கொண்டே படியேறுகிற சத்தம். அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான், அந்தப் பேக்கேஜைக் காட்டி "நான்தான் சார்" என்று சொல்லவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவரிலிருந்த உன் தாளை உரித்து விரிப்புக்கு அடியில் தள்ளினேன். தாள் இருந்தால், நீ வைத்த இடம் வேன் ஓட்டம்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் மேஜையில் மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதானே.

நீ வந்தாய். சார் கேட்டார், "பௌர்ணமி யாரு எழுதினது?"

"நான்தான் சார்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நீ. வரிக்கு வரி உன் பேர்தான் இருந்தது, மறைக்கவும் உனக்கு ஒன்றும் இல்லை. பிரவுசரைத் திறந்து பார்த்தாய். "நான் இங்க வெக்கலையே..." சுவரைப் பார்த்தாய். "தாள் எங்கடி?"

"காத்துல விழுந்திருக்கும். கூட்டுறவங்க எடுத்துப் போட்டிருப்பாங்க."

"நீ ஏதாச்சும் மாத்தினியா?"

"நான் எதுக்கு உன் பேக்கேஜைத் தொடப்போறேன்?"

கோபமாகவே சொன்னேன். பொய் சொல்கிறவளுக்குக் கோபம் நன்றாக வருகிறது. சார், "லீவுக்குப் போற அவசரத்துல நீயே மாத்தி வெச்சிருப்பம்மா" என்றார். நீ மறுபடி மறுபடி திரையைப் பார்த்தாய். "அப்படியும் இருக்குமா?" என்று உனக்கு நீயே கேட்டுக்கொண்டாய். பிறகு அந்த அப்பாவின் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பு என்னுதுதாங்க, மன்னிச்சிடுங்க" என்றாய். அவர் பேசிய பேச்சை நான் எழுதமாட்டேன். நான் கீபோர்டில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன், ஒரு எழுத்தும் ஞாபகமில்லை. உன் தாள் என் மணிக்கட்டுக்கு அடியில் இருந்தது.

உன்னை யாரும் போகச் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் வீட்ல இரு" என்றார் சார். நீ திரும்பி வரவில்லை. ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் சாவி வாங்கிக் கொடுக்கிற வேலைக்குப் போனாய். உன் நாற்காலியும் உன் வேலையும் எனக்கு வந்தன. ஆபீஸில் யாராவது எதையாவது மறந்தால், "டேய், பௌர்ணமி ஆக்கிடாத" என்று சொல்கிற வழக்கமும் வந்தது. உன்னைப் பார்த்தே இராத பிள்ளைகள் சொல்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒரு தடவை நானே சொல்லியும் இருக்கிறேன். ஆமாம், நானே.

அந்தத் தாளைக் கிழித்துப் போட எத்தனையோ தடவை நினைத்தேன். கிழிக்கவும் தைரியம் இல்லை, எடுத்துக் காட்டவும் தைரியம் இல்லை. ஐந்து வருஷம் அதன்மேல் கை வைத்துத்தான் வேலை செய்தேன், சாப்பிட்டேன், பதவி உயர்வுக்கு ஸ்வீட் கொடுத்தேன்.

வயிற்றில் கட்டி என்று உன்னை வேலூரில் சேர்த்திருந்தபோது பார்க்க வந்தேன் இல்லையா? கஞ்சி டம்ளரை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் கை குச்சி மாதிரி ஆகியிருந்தது. நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"ஏய், ஒண்ணு சொல்லு. அந்தப் புதன்கிழமை நான் அவசரமா கெளம்பினேன் இல்ல? அப்பதான் கை தவறி இழுத்து விட்டுட்டேனோ என்னமோ. எவ்ளோ யோசிச்சாலும் ஞாபகம் வரமாட்டேங்குதுடி. அந்தக் கொழந்தை கண்ணுலயே நிக்குது."

அடி பாவி, நீ எனக்கு வாசலையே திறந்துவிட்டாய். அறையில் வேறு யாரும் இல்லை. ஒரு வரி போதும். நான் சொன்னேன்:

"பழைய கதை. இப்ப எதுக்கு அதெல்லாம்? கஞ்சியைக் குடி."

குடித்தாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

உன் காரியத்துக்குக் கீழ்பென்னாத்தூர் வந்திருந்தேன். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "சின்னதுல இருந்தே அவளுக்கு மறதி ஜாஸ்திம்மா. ஒரு பச்சக் கொழந்தைய நடுரோட்ல விட்டுட்டாளே. அந்தப் பாவம்தான் அவ வயித்துல வந்து உக்காந்துடுச்சு." அவர்கள் தோளில் என் தலை இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்கள். சாப்பிட்டேன், உன் வீட்டுச் சோற்றை, உன் காரியத்தன்று.

இதெல்லாம்தான் இன்று காலை அந்தத் தாளோடு சேர்ந்து வந்தது. புதுப் பெண் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, பௌர்ணமின்னு எழுதியிருக்கு! அந்தப் பௌர்ணமியா? அவங்க எழுத்தா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள்மேல் தப்பில்லை, நாங்கள் சொல்லிக்கொடுத்த சிரிப்புதான் அது.

"அவ பண்ணல. நான் பண்ணேன்" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. அறையில் எல்லோரும் திரும்பினார்கள். உட்காரவைத்து முழுக்கச் சொன்னேன், தட்டு, நட்சத்திரம், விரிப்பு எல்லாம். சாரின் அறைக்குப் போய் அதையே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பழைய கதைம்மா. இப்ப எதுக்கு அதெல்லாம்? போய் டீயைக் குடி."

என் வார்த்தையே என் மூஞ்சியில் வந்து விழுந்தது. திட்டுவார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று பயந்துதானே அத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது இப்போது ஒன்றுமே இல்லை. அப்போதே சொல்லியிருந்தாலும் இரண்டு நாள் கத்திவிட்டு விட்டிருப்பார் போல. இந்த அற்பத்துக்குப் பயந்தா உன்னைப் பலி கொடுத்தேன்?

டீ குடிக்கவில்லை. மத்தியானமே கிளம்பிக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன்.

உன் அம்மா வாசலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். "வாம்மா, வெயில்ல வந்திருக்கியே" என்று மோர் கொடுத்தார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தாளை விரித்தேன். பேக்கேஜ் என்றால் என்ன என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? நீ சாருக்குச் சொன்னதையே சொன்னேன். "அம்மா, பேக்கேஜ்னா மடிச்சு வெச்ச துணி. இது பீரோ தட்டு. உங்க பொண்ணு இந்தத் தட்டுலதான் வெச்சா. பாருங்க, எடுக்கக் கூடாதுன்னு எழுதியே வெச்சிருக்கா. எடுத்து வேற தட்டுல போட்டது நான். அவ மேல பழி வந்தப்ப இந்தத் தாளை ஒளிச்சு வெச்சதும் நான்."

அவர்கள் கை நின்றுவிட்டது. தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"ஆஸ்பத்திரிக்கு வந்தியே, அப்பகூடவா?"

"இல்லம்மா."

தாளை மடியில் வைத்துக்கொண்டார்கள். "நான் அவளை எவ்ளோ திட்டினேன் தெரியுமா? பொறுப்பு இருக்குதாடி உனக்குன்னு, சாப்பாடு போடுறப்பகூட. ஒரு வாட்டிகூட அவ எதிர்த்துப் பேசலம்மா. தலையைக் குனிஞ்சுக்குவா. நீ சொல்லியிருந்தா நான் திட்டியிருக்க மாட்டேனே."

என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் வாசலிலேயே நின்றேன். கூடத்தில் உன் போட்டோ தெரிந்தது, காய்ந்த மாலையோடு. அதன்முன் போய் நின்று தாளை உனக்குக் காட்டினார்கள். சாதாரணமாக, சமையலறையிலிருந்து கூப்பிட்டுச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்கள்:

"நீ எடுக்கலையாம்டி."

அவ்வளவுதான். என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நானே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஒரு வரியை வேலூரில் உன் காதில் போட்டிருக்க வேண்டியவள் நான். கஞ்சி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, உன் கண்ணைப் பார்த்து, "நீ எடுக்கலடி" என்று. நீ சிரித்திருப்பாயோ, செருப்பால் அடித்திருப்பாயோ, எதுவானாலும் அந்தப் பிள்ளையின் முகம் உன் கண்ணைவிட்டுப் போயிருக்கும். நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். உன்னிடமிருந்து நான் எடுத்தது நாற்காலியை மட்டுமில்லை, உன்மேல் உனக்கிருந்த நம்பிக்கையையும் எடுத்துவிட்டேன். அதைத் திருப்பி வைக்க எனக்கு எந்தத் தட்டும் இல்லை.

தாள் இப்போது உன் அம்மாவிடம் இருக்கிறது. கொடுப்பதற்கு முன் பஸ்ஸிலேயே ஒன்று செய்தேன். நீ அடியில் கிழித்திருந்த கோட்டுக்குக் கீழே அத்தனை வருஷமாக வெறுமையாகக் கிடந்த இடத்தில், குலுங்கிக் குலுங்கி, கோணல்மாணலாக, என் முழுப்பேரையும் எழுதினேன்.